‘அந்த நாள்’: கொலையின் உள்நோக்கமும் 1943ஆம் ஆண்டும்

கொலைக் கதையைக் கேட்பார் முதற்கண் வினவுவது, ‘கொன்றவர் யார்?’ என்பது. அதனை ஆராயப் புகுவார் வினவ வேண்டுவது, ‘கொல்வதற்கு அவர்பால் இருந்த உள்நோக்கம் யாது?’ என்பது. முன்னைய வினாவிற்கு விடை கிடைத்ததும் கதை முடிந்துபோகும். பின்னைய வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், கொலை நிகழ்ந்த வீட்டையேயன்றி ஊரையும் காலத்தையும் அறிதல் வேண்டும். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் தமிழ்த் திரைப்படம் இப்பின்னைய வினாவையே நம்முன் வைக்கின்றது. அதற்குரிய விடையைப் படத்தின் பெயரே சுட்டி நிற்கின்றது என்பது எம் கருத்து. பார்ப்போர் பலரும் அதனை வெறும் பெயராகக் கொண்டு கடந்து விடுகின்றனர். அதனை ஒரு சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தைப் பற்றிய செய்திகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். ஏ.வி.எம். நிறுவனத்திற்காக ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்தார். பின்னாளில் வீணைக் கலைஞராகப் பெரும்புகழ் எய்திய எஸ். பாலசந்தர் கதை அமைத்து இயக்கினார். ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் உரையாடலும் எழுதித் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். பாட்டும் ஆட்டமும் இல்லாத முதல் தமிழ்ப்படம் என இது போற்றப்படுகின்றது. வணிக வகையில் அக்காலத்தில் பெருவெற்றி பெறாவிடினும், இரண்டாம் தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது.

கதை 1943 அக்டோபரில், ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளை ஒட்டி நிகழ்வது. வானொலிப் பொறியாளனாகிய ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு வீழ்கின்றான். காவலர் உசாவத் தொடங்குகின்றனர். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியின்மேல் ஐயத்தைச் சாய்க்கின்றார். சொத்தில் பங்கு கேட்டும் தமையன் கொடுத்திலன் என்பது அவர் கூறும் காரணம். பட்டாபியோ, தன் மனைவி ஹேமாவின் சினத்தைச் சொல்லி அவளை ஐயுறுகின்றான். ஹேமா, ராஜனோடு தொடர்புடைய நடன மாது அம்புஜத்தைக் குறிக்கின்றாள். அம்புஜம், தன்பால் பற்றும் அது காரணமாக ராஜன்மேல் பொறாமையும் கொண்டவர் என்று சின்னையாவையே காட்டுகின்றாள். சின்னையாவிற் புறப்பட்ட ஐயம் நால்வரைச் சுற்றிவந்து மீண்டும் சின்னையாவிடமே சேர்கின்றது.

இவ்வட்டத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நால்வரும் கூறும் காரணங்கள் யாவை? சொத்து, சினம், கைவிடப்பட்ட காதல், பொறாமை. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்களைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இவற்றுள் ஒன்றேனும் புதிதன்று. நீதிமன்றத்திலும் இவை செல்லும் காரணங்களே. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், அதன் எட்டாம் பிரிவில், ஒரு செயலுக்குரிய உள்நோக்கத்தைக் காட்டும் செய்தியை வழக்கிற்கு இயைபுடையதாக ஏற்றது. 2024 ஜூலை முதல் நாளில் அதன் இடத்தைப் பெற்ற புதிய சட்டமும் அக்கொள்கையைக் கைவிடவில்லை. ஆயினும் இந்நான்கு காரணங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவை எந்த நாளிலும் கொலைக்குக் காரணமாகத் தக்கவை. 1933இலும் ஒருவன் சொத்துக்காகத் தமையனைக் கொல்லலாம், 1953இலும் கொல்லலாம். அந்த நாளில், அந்த வேளையில், ராஜன் ஏன் இறந்தான் என்பதற்கு இவை விடையாகா. படத்தின் பெயர் ‘அந்த வீடு’ என்றோ ‘அந்தக் குடும்பம்’ என்றோ அமையாமல் ‘அந்த நாள்’ என அமைந்தமையை இவ்விடத்தில் நினைவு கொள்க.

இன்னொன்றும் அறியத்தக்கது. வட்டத்துள் நின்ற நால்வருள் ஒருவரேனும் ராஜனின் மனைவி உஷாவை ஐயுறவில்லை. கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு உண்டு என்பது வெளிப்பட்ட பின்னரும், மனைவிக்குப் பொறாமை இருந்திருக்கலாமே என்னும் எளிய எண்ணம் ஒருவர்க்கும் தோன்றவில்லை. கற்புடை மனைவி கணவனைக் கொல்லாள் என்னும் நம்பிக்கை அவர்கள் கண்ணை மறைத்தது. காண்போர் கண்ணையும் அதுவே மறைத்தது. பண்டரிபாயும் சிவாஜி கணேசனும் 1952இல் ‘பராசக்தி’யில் தோன்றி மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றவர்கள். தலைவன் தீயன் அல்லன், தலைவி கொலையாளி அல்லள் என்று கொட்டகைக்கு வரும்போதே மக்கள் முடிவு செய்து கொண்டு வந்திருப்பர். அம்முடிவையே இயக்குநர் தமக்கு மறைப்பாகக் கொண்டார். துப்பறியும் கதைக்கு இதனினும் வலிய திரை வேறில்லை.

இப்படத்தை அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தோடு ஒப்பிட்டுக் கூறுதல் வழக்காகிவிட்டது. 1950இல் வெளிவந்த அந்த ஜப்பானியப் படத்திலும் ஒரு கொலையைப் பலர் பலவாறு கூறுகின்றனர் என்பது உண்மையே. ஆயின், ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகின்றது. ராஷோமோனில் கள்வனும், பெண்ணும், ஆவியாக வந்து பேசும் இறந்தவனும் கொலைச் செயலைத் தத்தம் கைக்குரியதாகக் கூறுகின்றனர். ‘அந்த நாள்’ மாந்தரோ பிறர்மேல் ஏற்றுகின்றனர். முன்னது மானம் காக்கும் பொய். பின்னது உயிர் காக்கும் பொய். மேலும், ராஷோமோன் உண்மை இன்னதென இறுதிவரை உறுதி கூறாது. நம் படம் உண்மையைக் கண்டுவிட்டதாகக் கூறி முடிகின்றது. அதே 1950இல் வந்த அந்தோணி அஸ்குவித்தின் ஆங்கிலப் படமாகிய ‘தி உமன் இன் கொஸ்டின்’, கொலையுண்ட ஒருத்தியின் இயல்பை ஐவர் ஐந்து விதமாகக் காட்டுவது. அதனோடு ஒப்பிடுவாரே நெருங்கி வருகின்றனர். ஏனெனில், நம் படத்திலும் ஆராயப்படுவது கொலையாளியின் உள்ளத்தைக் காட்டிலும் கொலையுண்டானின் உள்ளமே ஆகும்.

ராஜன் யாவன்? பட்டாபிக்கு அவன் கைந்நெகிழாத் தமையன், அம்புஜத்திற்குக் காதலன், சின்னையாவிற்கு இடையில் புகுந்தவன். உஷாவின் வாய்மொழியில்தான் அவன் வேறொருவனாகத் தோன்றுகின்றான். கல்லூரியில் ஆர்வமும் துடிப்பும் மிக்க மாணவன். ஏழையும் வாங்கத்தக்க விலையில் வானொலிப் பெட்டி செய்ய வேண்டும் என்னும் வேட்கை உடையவன். அரசின் துணையை நாடிப் புறக்கணிக்கப்பட்டவன். அக்கசப்பில் ஜப்பானியர்க்கு ஒற்றனாகிச் செய்தி விற்றவன். இத்துணையும் நாம் அறிவது உஷா கூறியதனாலேயே. அவளும் ஐயத்திற்குரியார் ஐவருள் ஒருத்தி. மற்ற நால்வர் மொழியை அவரவர் நலம் கருதிக் கூறியதென ஒதுக்கிய நாம், ஐந்தாமவள் மொழியை மட்டும் உண்மை என ஏற்பது எதனால்? அவள் மொழி அவளுக்கே கேடு செய்வது என்பது ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், வீட்டிற்கு வெளியே நிகழ்ந்த வரலாற்றோடு அவள் மொழி ஒன்றே பொருந்துகின்றது என்பது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் கூறியதைக் கேட்டானேயன்றி, அவன் அதனை ஏன் கூறுகின்றான் என்று கேட்டிலன். சிலம்பு கையிலிருந்தது என்பதனையே போதிய சான்றாகக் கொண்டான். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் விதித்ததும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தே. உஷாவின் சொல்லுக்கு இரண்டாம் ஒற்று, 1943ஆம் ஆண்டின் சென்னை.

அந்நகரின் நிலையைச் சிறிது விரித்துக் கூறுவோம். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னையே என்னும் அச்சத்தால் மக்கள் திரள் திரளாக நகரை விட்டு நீங்கினர். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு வீழ்ந்து கூண்டுகள் உடைந்தால் ஊருக்குள் புகுமே என்று விலங்குக் காட்சிச் சாலையின் கொடுவிலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். அஞ்சிய தாக்குதல் அவ்வாண்டு வரவில்லை. போனவர் மெல்ல மெல்லத் திரும்பினர். ஓராண்டு கடந்து, அச்சம் தணிந்திருந்த 1943 அக்டோபரில், ஒற்றை வானூர்தி ஒன்று வந்து குண்டு வீசிச் சென்றது. சேதம் சிறிதே. ஆயினும், 1914இல் எம்டன் கப்பல் சுட்ட கதையைப் பாட்டன் வாயிற் கேட்டிருந்தவர்க்குப் போர் தம் கூரைக்கே வந்தது என்னும் உணர்வு அன்றுதான் வந்தது. படம் வெளிவந்தபோது இந்நிகழ்ச்சிக்கு அகவை பதினொன்றும் நிறையவில்லை. ‘அந்த நாள்’ என்றால் எந்த நாள் என்று சென்னையில் விளக்க வேண்டுவதில்லை.

இனி ராஜனின் கசப்பு. யாம் இதனை எழுதுவது, அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைந்த ஆனைக்குட்டத்திலிருந்து. விருதுநகரும் சிவகாசியும் அண்மையில் உள்ளவை. அதனாற்போலும், அரசு கைகொடுக்காமையால் ஒருவன் பகைவரிடம் போனான் என்னும் காரணத்தை எளிதில் ஏற்க எம்மால் இயலவில்லை. 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் சிவகாசியினின்று கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டனர். ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகள் இந்தியச் சந்தையை ஆண்ட காலம் அது. அவ்வாண்டில் இறக்குமதித் தீர்வை உயர்ந்தது. அரசு தன் வருவாய் கருதிச் செய்த அச்செயல், கருதாமலே உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியாயிற்று. தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டு வேண்டியிருந்தமையால் லித்தோ அச்சு வளர்ந்தது. உலகப் போரால் அயல்நாட்டுப் பட்டாசின் வரவு நிற்க, 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்கீழ் உரிமம் பெற்றுப் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. எந்தப் போர் ராஜனைக் கெடுத்ததோ அந்தப் போரே இவ்வட்டாரத்திற்குப் பிழைப்பும் தந்தது.

எனினும், சிவகாசியார் பொறுத்து வென்றனர், ராஜன் பொறாது கெட்டான் என்று முடிவு கட்டிவிடுதல் நேர்மையன்று. தீப்பெட்டிக்கு மரக்குச்சியும் மருந்தும் பல கைகளும் போதும். சிறு முதலோடு ஒரு கொட்டகையில் தொடங்கலாம். வானொலிப் பெட்டியின் உறுப்புகளோ பெரும்பாலும் கடல்கடந்து வரவேண்டியவை. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமின்றி அக்கருவியை வைத்திருத்தலே குற்றம். போர்க்காலத்தில் அக்கெடுபிடி எத்துணை இறுகியிருக்கும் என்று சொல்லவேண்டா. தீப்பெட்டி செய்வான் அரசைப் பாராமல் வாழலாம். வானொலி செய்வான் அரசைப் பாராமல் ஓரடி வைக்க இயலாது. ஆகவே அவன் கசப்பு மெய்யான கசப்பு. படத்தை ஆக்கியோர் அதனைப் பொய்யெனக் காட்டவில்லை என்பது அவர்கள் பெருமை. பணத்தாசை கொண்ட ஒற்றனாக ராஜனைத் தீட்டியிருந்தால் உஷாவின் செயலை நாம் எளிதிற் பாராட்டிவிட்டு வீடு திரும்பியிருப்போம்.

அவ்வாறு எளிதிற் பாராட்ட வரலாறும் இடம் கொடுக்கவில்லை. கதை நிகழும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு திங்கள் முன்னர், 1943 செப்டம்பர் 10ஆம் நாள், அதே சென்னையில், சிறைச்சாலையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். வக்கம் அப்துல் காதர், பவுஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன், அனந்தன் என்போர் அவர்கள். பினாங்கில் பயிற்சி பெற்று ஜப்பானியர் துணையோடு இந்திய மண்ணுக்குள் வந்தவர்கள். காதர் இருந்த குழு, 1942 செப்டம்பர் இறுதியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் தானூர் அருகே இறங்கிப் பிடிபட்டது. அரசின் ஏட்டில் அவர்கள் பகைவரின் ஒற்றர். இன்று கேரளத்தார் காதரை விடுதலைத் தியாகியாகப் போற்றுகின்றனர். கதை நிகழும் அதே திங்கள் 21ஆம் நாள், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். மறுநாள் அங்கே ஜான்சி ராணிப் படையின் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. அதன் தலைவி கேப்டன் லட்சுமி சென்னை நகரத்துப் பெண். மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் அப்படையணிகளில் சேர்ந்தனர். 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தார்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அவர்களுக்காக வாதாட பூலாபாய் தேசாய் எழுந்தார். நாடே அவர் பின் நின்றது.

1954இல் கொட்டகையில் அமர்ந்திருந்தவர்களுக்கு இவையெல்லாம் தெரியும். ஜப்பானோடு கைகோத்தவன் என்பதனாலேயே ஒருவனைத் துரோகி எனக் கொள்ள அவர்கள் மனம் இசைந்திராது. அவ்வாறாயின், ராஜனைத் துரோகியாக்குவது எது? 1943இல் ஆண்ட அரசு வெள்ளையர் அரசு. அதற்கு ஒருவன் மாறுபட்டால் நாட்டிற்கு மாறுபட்டவன் ஆவானா? படத்தின் கதைப்போக்கில் இந்திய தேசிய இராணுவத்திற்கு இடமில்லை. இதனை ஒரு குறையாகச் சிலர் கூறக்கூடும். எம் கருத்து வேறு. இவ்வினாவிற்கு ஆக்கியோர் உரையாடலால் விடை தேடாமல் நாளால் விடை தந்துள்ளனர். குண்டு வீழ்ந்த நாளில் கதையை நிறுத்தியமையால், ராஜன் விற்ற செய்தி எவர் தலைமேல் இறங்கும் என்னும் வினாவே முன்னிற்கின்றது. குண்டு கோட்டையில் இருக்கும் ஆளுநரைத் தேடிச் செல்வதன்று. துறைமுகத்துக் கூலியாள்மேலும் விழும், அடுத்த தெருக் குழந்தைமேலும் விழும். எவருக்கு மலிவு விலையில் வானொலி தர விரும்பினானோ அவரையே ராஜன் விலையாக்கினான். காதரும் அவர் தோழரும் தம் உயிரைப் பணயம் வைத்து வந்தனர்; ராஜன் பணயம் வைத்தது பிறர் உயிரை. வேறுபாடு ஈண்டுள்ளது.

உஷாவின் உள்நோக்கத்தையும் இவ்வொளியிலேயே காணல் வேண்டும். அவள் செயலை நாட்டுப்பற்று என ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். அச்சொல் பொருந்தாது என்று கூறோம், போதாது என்போம். அவள் முதலில் கெஞ்சுகின்றாள், வாதிடுகின்றாள், ஒன்றும் பயன்படாதபோதே அவள் கையில் துப்பாக்கி ஏறுகின்றது. கொல்லக் கருதி எடுத்தாளா, தடுக்கக் கருதி எடுத்தாளா? ஒரு பொருளின்மேல் ஆசையோ ஒருவர்மேல் பகையோ உடையவர்க்கு உள்நோக்கம் ஒன்றாக இருக்கும். அதனை ஊகித்தலும் எளிது. சின்னையா முதலிய நால்வரும் ஒருவர்மேலொருவர் ஏற்றியது அத்தகைய ஒற்றை நோக்கத்தை. உஷாவின் உள்ளத்திலோ கணவன் வாழவேண்டும் என்பதும், அவன் செயல் நிற்கவேண்டும் என்பதும் ஒருங்கே நிற்கின்றன. துப்பாக்கி வெடித்த நொடியில் இவற்றுள் எது அவள் விரலை இயக்கியது என்று அவளாலேயே கூற இயலுமா என்பது ஐயம். சட்டம் இவ்வுள்ளத்தை அளக்கப் புகுந்தாலும் திணறவே செய்யும். காவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலை அவர்க்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாதென்பது சாட்சியச் சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவு. நால்வர் கூற்றை நிறுத்துப் பார்த்து உண்மையைத் தேடிய சிவானந்தத்தின் கையில், எல்லாவற்றினும் மெய்யான ஐந்தாம் கூற்று, நீதிமன்றத்தில் செல்லாக் காசு.

படம் வெளிவந்த 1954 ஏப்ரல் 13ஆம் நாளுக்கு எம் வட்டாரத்தில் வேறொரு சிறப்பும் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாள் அது. படத்திற்கும் இதற்கும் தொடர்பு யாதுமில்லை. நாட்கள் ஒன்றியது தற்செயலே. ஆனால், கதை நிகழும் 1943 அக்டோபரில் காமராசர் இருந்த இடத்தை எண்ணிப் பார்த்தல் பயனுடையது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைப்பட்ட அவர் 1945 ஜூனில்தான் வெளிவந்தார். ஆகவே, அந்த நாளில் வெள்ளையர் அரசின்மேல் கசப்புற்ற தமிழர்க்குத் திறந்திருந்த வழிகள் பல: ஒருவர் சிறையில் இருந்தார்; ஒருத்தி சிங்கப்பூரில் படை திரட்டினாள்; நால்வர் ஒரு திங்களுக்கு முன் தூக்கேறியிருந்தனர். இத்தனை வழிகளும் இருந்த காலத்தில் ராஜன் தன் அறையில் தனியே அமர்ந்து, எவரையும் கலக்காமல், மனைவிக்கும் மறைத்துத் தன் வழியைத் தேர்ந்தான். மேற்கூறிய அனைவரும் தம் நோக்கத்தை உலகறியச் சொல்லவோ, அதன் பொருட்டுத் தண்டனை ஏற்கவோ அணியமாய் இருந்தவர்கள். ராஜனின் நோக்கத்தையோ, அவன் இறந்த பின்னர் அவனைச் சுட்டவள் வாயினின்றே நாம் கேட்டறிய வேண்டியதாயிற்று.